ஒரே நாள் என்றால் கெண்ட், ஓர் இரவும் இருந்தால் புரூஜ்

"அத்தான், பிரஸ்ஸல்ஸ்ல மீட்டிங் வெள்ளிக்கிழமை மத்தியானம் முடியுது. ஃப்ளைட் ஞாயித்துக்கிழமை ராத்திரிதான். நடுவுல புரூஜ் போகவா, கெண்ட் போகவா? ஆஃபீஸ்ல எல்லாரும் புரூஜ்தான்ங்கறாங்க."

என் மனைவியின் தம்பி போன வாரம் அனுப்பிய செய்தி இது. மூன்று வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இந்த இரண்டு ஊரைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அது பெரும்பாலானவர்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது, அதனால் விளக்காமல் சொன்னால் அவன் கேட்கமாட்டான்.

வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை இதுதான்: கெண்ட் கொஞ்சம் பெரிய ஊர், ராத்திரியில் கலகலப்பாக இருக்கும், அங்கே ரூம் எடு, புரூஜ் சின்ன ஊர், அதைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வா. நான் சொல்வது: தூங்குவது புரூஜில், சாப்பிடுவது கெண்டில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வரைபடம். இரண்டும் பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸில் இருக்கின்றன, ஒரே ரயில் பாதையில். பிரஸ்ஸல்ஸில் ஏறினால் கெண்ட் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம், புரூஜ் ஒரு மணி நேரம், இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து நிமிடம் போல. உள்நாட்டு ரயில்களில் இருக்கை எண், முன்பதிவு என்ற பேச்சே இல்லை, டிக்கெட் எடுத்து ஏறி உட்கார வேண்டியதுதான். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அதனால் இதுவா அதுவா என்ற கேள்வியே பாதி தப்பு. பெட்டியை எங்கே வைப்பது, எந்த ஊரில் எந்த நேரத்தில் இருப்பது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, இரண்டு ஊரிலும் பேசுவது டச்சு மொழி. பெல்ஜியம்தானே என்று நாலு வார்த்தை பிரெஞ்சு கற்றுக்கொண்டு போய் அதை அங்கே அவிழ்த்துவிட வேண்டாம், ஆங்கிலமே போதும், சொல்லப்போனால் ஆங்கிலம்தான் மரியாதை.

நான் புரூஜுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு ஆகஸ்ட் மாதம், நானும் மனைவியும், காலையில் பிரஸ்ஸல்ஸில் ஏறிப் பதினோரு மணிக்கு இறங்கி, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிவிட்டோம். எனக்கு ஊரே பிடிக்கவில்லை. ரயிலடியிலிருந்து ஊருக்குள் நடக்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் எங்களுக்கு முன்னால் ஒரு குடை, பின்னால் ஒரு கொடி, இரண்டையும் பிடித்தபடி வழிகாட்டிகள், அவர்களுக்குப் பின்னால் நாற்பது நாற்பது பேர். ரோசன்ஹூட்காய் என்று ஒரு கால்வாய் முனை இருக்கிறது, புரூஜ் என்று தேடினால் முதலில் வரும் படம் அந்த இடம்தான், தண்ணீர் ஓரத்தில் செங்கல் வீடுகள், பின்னால் மணிக்கூண்டு கோபுரம். அங்கே படம் எடுக்க வரிசை, படகுக்கு வரிசை, வாஃபிள் கடையில் வரிசை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போய்விட்டு, கோயில் அழகாக இருந்ததா என்று கேட்டால் என்ன சொல்வது? முன்னால் நின்றவரின் முதுகைத்தான் பார்த்தேன்.

அன்று மதியம் சதுக்கத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் வெளியே போட்டிருந்த மேஜையில் உட்கார்ந்தோம். இரண்டு சாப்பாடு, இரண்டு பாட்டில் தண்ணீர். பில் வந்தபோது தண்ணீரின் விலை பியரின் விலைக்குப் பக்கத்தில் நின்றது. பெல்ஜியத்தில் உட்கார்ந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கேட்டால் சிலர் தருவார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். இது அந்தக் கடையின் குற்றமில்லை, நாட்டு வழக்கம். ஆனால் சதுக்கத்தைப் பார்த்து உட்காரும் மேஜைக்கு ஒரு தனி விலை இருக்கிறது, அதே சாப்பாடு இரண்டு தெரு தள்ளிப் போனால் குறைவு. நம் ஊர்க் கோயில் வாசல் தேங்காய்க் கடைக் கணக்குதான்.

இரண்டாவது முறை நவம்பர் முதல் வாரம். இந்த முறை மாமியாரும் கூட. அவருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், இரண்டும் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். புரூஜில் இரண்டு இரவு தங்கினோம். ஐந்தேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது, அதற்குக் கொஞ்ச நேரத்தில் ஊர் காலியாகத் தொடங்கியது. பேருந்தில் வந்தவர்கள் பேருந்துக்கும் ரயிலில் வந்தவர்கள் ரயிலுக்கும் போய்விட்டார்கள். ஏழு மணிக்கு அதே ரோசன்ஹூட்காயில் நாங்கள் மூன்று பேர், நாயோடு ஒரு பெரியவர், அவ்வளவுதான். கால்வாய்த் தண்ணீர் அசையவே இல்லை, விளக்கு வெளிச்சத்தில் கோபுரம் தலைகீழாக அப்படியே உள்ளே கிடந்தது. மணிக்கூண்டில் 47 மணிகள் இருக்கின்றன, கால்மணிக்கு ஒருமுறை ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். ஆகஸ்டில் அது எனக்குக் காதில் விழுந்த ஞாபகமே இல்லை. மாமியார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "மாப்பிள்ளை, இந்த ஊரையா நல்லா இல்லைன்னு சொன்னீங்க?" என்றார். பதில் சொல்லவில்லை.

காலையும் அப்படித்தான். ஏழரை மணிக்கு விடிகிறது, ஒன்பதரை பத்து மணி வரை ஊர் உன்னுடையது. பெகெய்ன்ஹோஃப் என்று 13ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு வளாகம், சாமியாரிணி என்று முழுதாகச் சொல்லவும் முடியாத, குடும்பப் பெண் என்றும் சொல்ல முடியாத பெண்கள் சேர்ந்து வாழ்ந்த இடம், உள்ளே வெள்ளை வீடுகளும் உயரமான மரங்களும் மட்டும். இப்போது அங்கே பெனடிக்டைன் சபைச் சகோதரிகள் இருக்கிறார்கள், சத்தம் போடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், காலையில் அந்தப் பலகைக்கு வேலையே இல்லை. அதை ஒட்டி மின்னெவாட்டர் ஏரி, அன்னங்கள். அன்னங்களுக்கு ஒரு கதை உண்டு: 1488இல் ஊர்க்காரர்கள் ஹாப்ஸ்பர்க் இளவரசன் மாக்சிமிலியனைப் பிடித்து அடைத்துவைத்து, அவனுடைய அதிகாரி பீட்டர் லாங்கால்ஸின் தலையை வெட்டிவிட்டார்கள். லாங்கால்ஸ் என்ற பெயர் நீண்ட கழுத்து என்பதுபோல ஒலிக்கும், அதனால் என்றென்றும் நீண்ட கழுத்துப் பறவைகளை வளர்க்க வேண்டும் என்று ஊருக்குத் தண்டனையாம். கதைதான், ஆனால் அன்னங்கள் இருக்கின்றன.

இந்த ஊர் இப்படி உறைந்துபோய் நிற்பதற்குக் காரணம் வறுமை. கடலோடு இதை இணைத்த ஸ்வின் என்ற நீர்வழி மணல் தூர்ந்துபோனது, 1500 வாக்கில் வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்கு நகர்ந்துவிட்டது. அதற்கு முன் வட ஐரோப்பாவின் பெரிய வணிகச் சந்தை இதுதான். வான் டெர் பூர்ஸ என்ற குடும்பத்தின் விடுதி முன்னால் வியாபாரிகள் கூடிப் பேரம் பேசியதிலிருந்துதான் பங்குச்சந்தைக்குப் பிரெஞ்சிலும் டச்சிலும் இன்றுவரை அந்தப் பெயர். காசு போன பிறகு பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதி இல்லை, அப்படியே நின்றுவிட்டது, 2000இல் பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் செட்டிநாட்டு வீடுகள் மாதிரி, ஆனால் ஊர் முழுக்க. ஒரு விஷயம், கண்ணில் படுவதெல்லாம் பழையது என்று நம்பிவிட வேண்டாம். எல்லோரும் படம் எடுக்கும் போனிஃபாசியஸ் பாலம் 1910 வாக்கில் கட்டியது. கெண்டிலும் இதே கதைதான், ஊரின் மூன்று பழைய கோபுரங்களும் வரிசையாகத் தெரியும் சிண்ட் மிக்கேல் பாலமும் அதே காலத்தது. அதற்காக அழகு குறைந்துவிடவில்லை.

கெண்ட் வேறு ஜாதி. அது உறையவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. லீவன் பாவன்ஸ் என்ற ஆள் 1800ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்திலிருந்து நூற்பு இயந்திரத்தைத் துண்டு துண்டாகக் கடத்திக்கொண்டு வந்தான், கெண்ட் பஞ்சாலை நகரமாகிவிட்டது. ஐரோப்பியக் கண்டத்தின் மான்செஸ்டர் என்று பேர். கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும், அந்தப் பட்டத்தை உலகத்தில் எத்தனை ஊருக்குத்தான் கொடுத்தார்களோ. ஊருக்கு நடுவே கிராவென்ஸ்டீன் என்ற கோட்டை இருக்கிறது, 1180இல் அல்சாஸின் பிலிப் என்ற பிரபு கட்டியது, 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கோட்டைக்குள்ளேயே பஞ்சாலை ஓட்டியிருக்கிறார்கள். இப்போது உள்ளே போனால் காதில் மாட்டித் தருகிற ஒலி வழிகாட்டியில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் பேசுகிறார், வரலாறு சொல்வதை விடக் கிண்டல் அதிகம். என் மனைவி சித்திரவதைக் கருவிகள் இருக்கும் அறையில் நின்றுகொண்டு சிரித்தாள், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்கள் காதிலும் அதே வசனம் வந்ததும் அவர்களும் சிரித்தார்கள்.

1817இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருப்பதால் ஊர் முழுக்க மாணவர்கள். லெய் ஆற்றின் இரு கரையிலும் கிராஸ்லெய், கோரன்லெய் என்று பழைய வணிகச் சங்கக் கட்டடங்கள் நிற்கின்றன, அதன் படிகளில் பயல்கள் கால்களைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு சாண்ட்விச் தின்கிறார்கள். சைக்கிளில் காய்கறிப் பையோடு போகிறவர், டிராமுக்கு ஓடுகிறவர், கடை ஷட்டரை இழுக்கிறவர் எல்லாம் கண்ணில் படுகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ அங்கே போனால் நீ கூட்டம் இல்லை, ஊர்தான் கூட்டம். அதனால்தான் சொல்கிறேன், ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கெண்ட். பகல் நேரத்துப் புரூஜுக்கும் பகல் நேரத்துக் கெண்டுக்கும் போட்டி வைத்தால் கெண்ட் ஜெயிக்கும். இரவு நேரத்துக் கெண்டும் அழகுதான், விளக்கு அமைப்பதையே ஒரு திட்டமாகப் போட்டுச் செய்திருக்கிறார்கள், ஆனால் சனிக்கிழமை ராத்திரி அங்கே தூங்குவது அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டிலும் பார்க்க வேண்டியவை ஒன்றுக்கு ஒன்று சமமாக இருப்பதுதான் குழப்பமே. மணிக்கூண்டு இரண்டு ஊரிலும் உண்டு. புரூஜில் 83 மீட்டர், 366 படி, மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகிக்கொண்டே வரும், எதிரே இறங்குகிறவருக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கெண்டில் லிஃப்ட் இருக்கிறது. மாமியாருக்கு அந்த லிஃப்ட்டோடு போட்டி முடிந்துவிட்டது. கலைப்பொருள் என்று பார்த்தால், புரூஜில் அன்னை மரியா தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாயும் சேயும் சலவைக்கல் சிலை. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் ஒருமுறை, நாஜிகள் ஒருமுறை தூக்கிக்கொண்டு போய், இரண்டு முறையும் திரும்பி வந்தது. கெண்டில் சிண்ட் பாவோ பேராலயத்தில் வான் எய்க் சகோதரர்கள் 1432இல் முடித்த, பல மரப்பலகைகள் சேர்ந்த பலிபீட ஓவியம். அதில் ஒரு பலகையை 1934இல் திருடிவிட்டார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் இருப்பது நகல். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஓவியத்துக்குத்தான் போவேன். நடுவில் நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகத்தைச் சுத்தம் செய்தபோது பழைய மேல்பூச்சுக்கு அடியிலிருந்து, மனிதன் மாதிரி நேராக நம்மைப் பார்க்கிற ஒரு முகம் வெளியே வந்தது. பத்து நிமிடம் பார்த்தாலும் அது கண்ணை எடுக்காது. ஞாயிறு காலையில் பூசை என்பதால் ஓவியத்தைப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள், நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

படகில் போவதாக இருந்தால் புரூஜ். ஐந்து துறைகளிலிருந்து கிளம்புகிறது, எங்கே ஏறினாலும் சுற்று ஒன்றேதான், அரைமணி நேரம், பாலங்களுக்கு அடியில் உண்மையாகவே தலையைக் குனிய வேண்டும். வீடுகளின் பின்பக்கத்தைப் படகிலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும். நடு மார்ச்சிலிருந்து நடு நவம்பர் வரை என்று வைத்துக்கொள், கடுங்குளிரில் பெரும்பாலும் கிடையாது. காலை முதல் படகைப் பிடி, அதற்கு மேல் அந்த வரிசையில் நிற்பதற்கு வேறு ஏதாவது செய்யலாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

கெண்டின் சொந்தச் சாப்பாடு வாட்டர்சோய். பேரைப் பார்த்து ஏதோ என்று நினைக்க வேண்டாம், ஆதியில் மீன் போட்டது, இப்போது பெரும்பாலும் கோழி, லீக், காரட், செலரி, உருளைக்கிழங்கு எல்லாம் வெந்த சாற்றில் பாலாடையும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துத் திக்காக்கியது. நம் திருநெல்வேலிச் சொதியைத் தேங்காய்ப்பால் இல்லாமல், இஞ்சி இல்லாமல், கோழி போட்டு வைத்தால் கிட்டத்தட்ட அந்தப் பக்கம் வரும். இதம். ஆனால் நாலாவது கரண்டியில் நம் நாக்கு மிளகைத் தேடும், அதுதான் உண்மை. இன்னொன்று ஸ்டோவரை, மாட்டிறைச்சியைக் கறுப்பு பியரில் மணிக்கணக்காக வேகவைத்து, கடுகு தடவிய ரொட்டித் துண்டை மேலே போட்டு அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும்வரை விட்டது. மாடு சாப்பிடுகிறவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

சைவக்காரர்களுக்குக் கெண்டில் நிலைமை நல்லபடியாக இருக்கிறது. 2009இல் வியாழக்கிழமை தோறும் சைவம் என்று நகராட்சியே ஓர் இயக்கத்தை ஆதரித்துத் தொடங்கியது, பள்ளிக்கூடச் சாப்பாடு வரைக்கும் போனது. நாங்கள் போனது தற்செயலாக ஒரு வியாழன். மாமியாருக்குப் பூசணிச் சூப், வறுத்த கிழங்குகள், பருப்பு மாதிரி ஒன்று எல்லாம் தட்டு நிறைய வந்தது, பத்து நாள் பயணத்தில் முதல் முறையாகப் பையிலிருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை அவர் வெளியே எடுக்கவில்லை. புரூஜிலும் சைவம் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும், தேடிக் கண்டுபிடித்தால் சீஸ் போட்ட ஏதோ ஒன்றாக இருக்கும்.

புரூஜ் ஜெயிப்பது கடல் சாப்பாட்டில். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. சாம்பல் நிறத்தில் சுண்டுவிரல் நகம் அளவு இறால் போட்ட குரோக்கெட்டை மறக்காமல் வாங்கு: வெளியே மொறுமொறு, உள்ளே கொதிக்கிற இறால் கூழ், அவசரப்பட்டால் அண்ணாக்கு வெந்துவிடும். சிப்பி என்றால் ஒரு பானை நிறைய வரும், ஒரு காலிச் சிப்பியையே இடுக்கி மாதிரி பிடித்து அடுத்த சிப்பியிலிருந்து சதையை எடுத்துத் தின்ன வேண்டும், முள்கரண்டி எடுத்தால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும்.

உருளைக்கிழங்கு வறுவல் பற்றி ஓர் எச்சரிக்கை. பெல்ஜியத்தில் அதை இரண்டு தடவை பொரிப்பார்கள், முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேக, ஆறவிட்டு அப்புறம் அதிகச் சூட்டில் மேலே மொறுமொறுக்க. ருசிக்குக் காரணம் அது மட்டுமில்லை, பாரம்பரியமாகப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாது. காகிதக் கூம்பில் பாதி காலியான பிறகுதான் மனைவி கடைப் பலகையில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். ரயில் பிரஸ்ஸல்ஸ் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு எங்களுடையதுதான், கேட்டிருக்க வேண்டும். தாவர எண்ணெயில் பொரிக்கிற கடைகளும் உண்டு, கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மாடு உனக்குப் பிரச்சினை இல்லை என்றால் கொழுப்பில் பொரித்ததுதான் உசத்தி, நான் பொய் சொல்ல மாட்டேன்.

வாஃபிளில் இரண்டு வகை, ஊரைவிட வகைதான் முக்கியம். பிரஸ்ஸல்ஸ் வகை நீள்சதுரம், லேசானது, ஆழமான கட்டங்கள், மேலே பொடித்த சர்க்கரை தூவி, தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுவது. லியேஜ் வகை ஓரம் கோணல்மாணலாக, கையடக்கமாக, மாவுக்குள்ளேயே கற்கண்டு மாதிரி சர்க்கரைக் கட்டிகள். சூட்டில் அது உருகி மேல்தோலில் பாகாகப் படிந்து இறுகிவிடும், பல்லில் நறுக்கென்று படும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ட்ராபெரியும் கிரீமும் மலையாகக் குவித்து அடுக்கிவைத்திருக்கும் கடைகளில் அடியில் இருக்கும் வாஃபிள் எப்போது சுட்டதென்று யாருக்குத் தெரியும். மாவை இரும்பில் வைப்பதை நீ கண்ணால் பார்க்கிற கடையில் வாங்கு. புரூஜில் அந்த மலைகள் அதிகம்.

சாக்லேட்டுக்குப் புரூஜ்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், கடைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் சரிதான், மளிகைக் கடையை விட அதுதான் அதிகம். உள்ளே பூரணம் வைத்த பிரலீன், 1912இல் பிரஸ்ஸல்ஸில் ஜான் நொய்ஹாஸ் செய்தது. எந்த ஊரில் வாங்கினாலும் அடிப்படை அதுதான். ரிப்பன் கட்டித் தயாராக அடுக்கியிருக்கும் பெட்டியை எடுக்காதே, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து நீ காட்டக் காட்ட எடுத்துப் போட்டு எடை போட்டுத் தருகிற கடைக்குப் போ. நூறு கிராமில் எட்டு ஒன்பது வரும். எதில் மது இருக்கிறது என்று கேட்டுக்கொள், அப்பாவுக்குக் கொடுக்கப் போகிறாய். கிரீம் பூரணம் வைத்தவை சில வாரம்தான் தாங்கும், சென்னை வெயிலுக்கு ஊருக்குக் கொண்டுபோக வெறும் கட்டி சாக்லேட்தான் புத்திசாலித்தனம். புரூஜில் எனக்குச் சாக்லேட்டை விடப் பிடித்தது கிளெட்ஸ்காப் என்ற பாதாம் பிஸ்கெட், அந்த ஊர் லேஸ் துணி மாதிரி ஓட்டை ஓட்டையாக, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். கண்ணாடி மாதிரி உடையும், பயணத்துக்குத் தாங்காது, அங்கேயே தின்றுவிட வேண்டியதுதான்.

கெண்டில் அதற்குப் பதில் குபர்டான். ஊதா நிறத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கூம்பு மிட்டாய், உள்ளூர்க்காரர்கள் செல்லமாக மூக்கு என்பார்கள், தெருவில் வண்டியில் வைத்து விற்கிறார்கள். மேல்தோல் லேசாகக் கடினம், கடித்தால் உள்ளே ராஸ்பெரிப் பாகு கெட்டியாக ஒழுகும். ஒன்று தின்றால் ஆனந்தம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதில் பல் கூசும். சில வாரத்தில் உள்ளே பாகு சர்க்கரையாக இறுகிவிடுமென்பதால் வெளிநாடுகளில் இதைப் பார்ப்பதே அபூர்வம். சிலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

பியரில் புரூஜுக்கு ஒரு மார்க் கூட. ஹால்வ மான் என்ற மதுவடிப்பகம் ஊருக்கு நடுவில் இருக்கிறது, பாட்டிலில் அடைக்கும் ஆலை வெளியே. லாரிகள் கல்தெருவை உடைக்கக் கூடாது என்று 2016இல் தெருவுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, பியரைக் குழாயிலேயே அனுப்புகிறார்கள். பணத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களே போட்டார்கள், அதிகம் போட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க பியர். அவர்களுடைய ஸ்ட்ராஃப ஹென்ட்ரிக் டிரிபெல் 9 சதவீதம், நம் ஊர் பியர் என்று நினைத்து இரண்டு குடித்தால் கால்வாய் ஓரம் நடக்காதே. கெண்டில் வேறு வேடிக்கை: டுல்ல கிரீட் என்ற மதுக்கடையில் ஒன்றேகால் லிட்டர் அளவு பிடிக்கும் கோப்பையில் பியர் கேட்டால் முன்பணமாக உன் காலணி ஒன்றைக் கழற்றிக் கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். கோப்பையைத் திருப்பித் தந்தால்தான் செருப்பு இறங்கும். சாக்ஸ் கிழிசல் இல்லாமல் போ.

ஆனால் இரண்டு ஊரிலும் சேர்த்து நான் வாங்கியதில் சிறந்தது ஒரு ஜாடி கடுகு. கெண்டில் குரூன்டன்மார்க்ட் என்ற சதுக்கத்தில் இருக்கும் டீரென்டைன் கடை, 1790இல் தொடங்கிய தொழில். உள்ளே பழைய மர அலமாரிகள், மரப்பீப்பாயிலிருந்து கடுகு விழுதை அள்ளி நீ கேட்ட அளவு ஜாடியில் போட்டு மூடித் தருவார்கள். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பாக்கெட் கடுகு மாதிரி இனிப்பு, மஞ்சள் எல்லாம் கிடையாது, நாக்கில் வைத்த மறுநொடி மூக்கு வழியாக உச்சிக்குச் சுர்ரென்று ஏறும். வாட்டர்சோயில் நம் நாக்கு தேடியது இதைத்தான். என் மனைவி அதைக் கடையிலேயே நின்று ரொட்டித் துண்டில் தொட்டுத் தின்றுவிட்டு, "ஏங்க, ஆவக்காய்க்குப் பொடிச்ச கடுகு வாசம் அப்படியே இருக்குங்க" என்றாள். இரண்டு ஜாடி வாங்கினோம். அவசரத்தில் நான் அதைக் கைப்பையில் வைத்தேன். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் நூறு மில்லிக்கு மேல் விழுது, திரவக் கணக்கில் சேரும் என்று இரண்டையும் எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். விதி அதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது, வீட்டில் மட்டும் இன்றுவரை என்னைச் சொல்கிறார்கள்.

அதனால் மைத்துனனுக்கு நான் போட்ட திட்டம் இது. வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் பெட்டியோடு நேராகப் புரூஜ் போய்விடு, இருட்டும் நேரத்துக்கு இறங்கினால் கூட்டம் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். குரோக்கெட், ஒரே ஒரு டிரிபெல், ரோசன்ஹூட்காய், தூக்கம். சனிக்கிழமை பகலில் புரூஜில் இருக்காதே, அன்றுதான் மோசம். காலையிலேயே கெண்டுக்கு ரயிலேறு. கோட்டை, ஓவியம், ஸ்டோவரை, ராத்திரி மறுபடி புரூஜ். கெண்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதே, பெல்ஜியத்தில் ஞாயிறு பல கடைகள் பூட்டு. ஞாயிறு காலை ஏழரைக்கு எழுந்து பெகெய்ன்ஹோஃப், முதல் படகு, சாக்லேட், வாஃபிள், பதினொன்றுக்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு. கல்தெருவில் பெட்டிச் சக்கரம் போடும் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பேருந்து பிடி. ஜூலை நடுவில் போகிற வாய்ப்பு இருந்தால் மட்டும் இதெல்லாம் மாறும், கெண்டில் பத்து நாள் திருவிழா, அப்போது அறையும் கிடைக்காது, தூக்கமும் கிடைக்காது, ஆனால் அதற்காகவே போகிறவர்களும் உண்டு.

"சரி அத்தான். அக்காவுக்கு என்ன வாங்கட்டும், சாக்லேட்டா?" என்று பதில் போட்டிருந்தான். போனை அவள் பிடுங்கிக்கொண்டாள். சனிக்கிழமை, கெண்ட், கடுகு, ரெண்டு ஜாடி, கைப்பையில இல்ல, பெட்டிக்குள்ள, சாக்ஸுக்குள்ள சுத்தி வை.